நனையாத படுக்கை

2017 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்று இருபது. நெதர்கோம் கிராமத்தில் ஏழாம் எண் வீட்டின் கூரை புகைந்தது. அந்த வீடு என் அம்மா ஊனா டிபெனுடையது. உடையது என்று எழுதுவது பிழை. வீடு ஊர்ப் பிரபுவின் எஸ்டேட்டுக்குச் சொந்தம். அம்மா ஐம்பத்தெட்டு வருடம் அதில் குடியிருந்தாள்.

கண் மருத்துவரிடம் அவளைக் கூட்டிப்போக நான் பிரிஸ்டலிலிருந்து வந்திருந்தேன். அம்மா கிளம்புமுன் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ரெஜ் கோலப் கத்தினார். எட்டாம் எண் வீட்டுக்காரர், எண்பத்து நான்கு வயது.

"ஏ ஊனா! உன் வீட்டு உச்சியில புகையுது!"

"அடுப்பு எரியுதுய்யா. புகையாம வேற என்ன செய்யும்?"

"புகைபோக்கியில இல்லம்மா. வைக்கோல்ல!"

வெளியே ஓடினோம். கிழக்குப் பக்கப் புகைபோக்கியைச் சுற்றி மஞ்சளாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. தீ கண்ணில் படவில்லை. வைக்கோல் கூரையில் அதுதான் மோசம். மேலே எரிந்தால் தெரியும். உள்ளே கனன்றால் தெரியும்போது தாமதமாகியிருக்கும்.

நான் கட்டுமானப் பொறியாளர். காரணம் எனக்கு அந்த நிமிடமே தெரிந்தது. எஸ்டேட் வழக்கத்தில் பழைய வைக்கோலை யாரும் பிரிப்பதில்லை. முப்பது வருடத்துக்கு ஒருமுறை பழையதன் மேல் புதியதை வேய்வார்கள். அடி அடுக்கு வீடு கட்டிய 1786இல் போட்டது. இப்படி ஏறி ஏறிக் கூரை ஒரு மீட்டருக்கு மேல் தடித்துவிட்டது. கூரை வளர்ந்தது, புகைபோக்கி வளரவில்லை. முன்பு ஆள் உயரத்துக்கு நின்ற புகைபோக்கி அறுபத்தைந்து சென்டிமீட்டர்தான் வெளியே தெரிந்தது. பொறி பறந்தால் நேரே வைக்கோலில் விழும். அது தெரிந்தும் இரண்டு கிறிஸ்துமஸுக்கு முன் திறந்த கணப்பை அடைத்து, இரும்பு விறகடுப்பு வாங்கிவைத்தேன். அம்மாவுக்குக் குளிரக் கூடாது என்று. அதில் நெருப்பு இன்னும் சூடாக எரியும்.

அம்மா உள்ளே ஓடி மூன்று பொருளோடு வந்தாள். குடியிருப்புப் பத்திரம் இருந்த தகர டப்பா. ரெஜின் சட்டை இரண்டு, தேய்த்து மாட்டியபடி.

அந்தப் பத்திரத்தைச் சொல்லியாக வேண்டும். 1959இல் அம்மா அப்பாவைக் கட்டிக்கொண்டு வந்தபோது எஸ்டேட் கொடுத்தது. வாசகம் அதைவிடப் பழையது. குடியிருப்பவரின் ஆயுள் முழுவதும் வீடு அவருக்கு, அந்த வீட்டில் நனையாத படுக்கை ஒன்றேனும் இருக்கும்வரை. நெதர்கோமில் கூரை ஒழுகினால் முதலில் கட்டிலைத்தான் நகர்த்துவார்கள். அது ஊரின் பழைய வேடிக்கை. பத்து வருடமாக யாரும் அதற்குச் சிரிப்பதில்லை. காலியான வீடுகளை எஸ்டேட் விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்திருந்தது. பழைய பத்திரத்தோடு மிஞ்சியவர்கள் ஐந்தே பேர். அம்மாவும் ரெஜும் அதில் இருவர்.

ஆக அன்று அம்மாவுக்குத் தேவை ஒன்றுதான். மேற்குப் பக்கப் படுக்கையறைக்கு மேலே கூரை நிற்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்குள் இரண்டு தீயணைப்பு வண்டிகள் வந்தன. தலைமை தாங்கியவர் மார்ட்டின் லெக். அழைப்பு வந்தால் மட்டும் தீயணைப்பு. மற்ற நேரத்தில் அடுத்த ஊரில் கசாப்புக் கடை.

"ஆட்ட வெட்டுற கை" என்றார் ரெஜ். "கூரைய வெட்டத் தெரியுமா, மார்ட்டின்?"

"உங்க ஆட்டுக்கறிய வெட்டறதவிடச் சுலபம்தான், மிஸ்டர் கோலப். நாற்காலிய எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."

லெக் கூரையைச் சுற்றி வந்தார். வெப்பத்தைக் காட்டும் கருவியில் பார்த்தார். என்னிடம் வந்தார்.

"தீ புகைபோக்கியிலருந்து மூணு மீட்டர் வந்திருச்சு. மேல தண்ணி அடிச்சுப் பிரயோஜனமில்ல, வழிஞ்சு ஓடிரும். குறுக்க ஒரு பள்ளம் வெட்டணும், உச்சியிலருந்து கீழ விளிம்பு இறவாணம் வரைக்கும், ரெண்டு பக்கமும். ஒம்பது பேருதான் இருக்கோம். தண்ணி ஓடையிலருந்து இழுக்கணும். ஒரு பள்ளம்தான் வெட்ட முடியும். எங்க வெட்டறது?"

"படுக்கையறைக்கு இந்தப் பக்கம்" என்றேன். "அறை தப்பிக்கும்."

"அதுக்குள்ள தீ தாண்டிருச்சுன்னா?"

"நடுச்சுவர் இருக்கு. எட்டாம் நம்பருக்குப் போகாது."

"நடுச்சுவர் உச்சி வரைக்கும் போகுதா?"

அதுதான் கேள்வி. இந்த வீடுகள் இரண்டிரண்டாகக் கட்டப்பட்டவை. எஸ்டேட் மாளிகையிலிருந்து பார்த்தால் குடியானவனின் குடிசை தெரியக் கூடாது, அழகான ஒரே பெரிய வீடு தெரிய வேண்டும் என்பது அன்றைய பிரபுவின் ஏற்பாடு. அதனால் ஒரே கூரை. நடுவில், அம்மாவின் படுக்கையறையை ஒட்டி, தடித்த மண்சுவர், இரு குடும்பத்தையும் பிரித்து. அந்தச் சுவர் கூரை உச்சியைத் தொட்டால், என் யோசனையில் ஆபத்தில்லை. பள்ளம் தோற்றாலும் அம்மா வீடுதான் போகும். தொடாவிட்டால், கூரைக்கு அடியிலுள்ள பரண் ஒரு சுரங்கம். தீ அதன் வழியே ஓடும். இரண்டு வீடும் போகும்.

2009இல் நான் அந்த வீட்டை அளந்து வரைந்திருந்தேன். வரைபடம் காரில் இருந்தது. விரித்துக் காட்டினேன். நடுச்சுவர், மண், உச்சி வரை. கீழே என் கையெழுத்து.

ரெஜ் ரோட்டிலிருந்தே ஒத்து ஊதினார். "சுவரு இருக்குய்யா. அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா நான்தான் சுண்ணாம்பு அடிக்கிறேன். என் கையால."

லெக் தலையாட்டினார். ஆட்களைப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

"அது சுவரில்ல" என்றாள் அம்மா.

அவள் வேலியோரம் நின்றிருந்தாள், சட்டைகளைக் கையில் பிடித்துக்கொண்டு.

"அம்மா, நான் பாத்திருக்கேன்."

"பாத்தியா, தட்டிப் பாத்தியா?"

பார்த்தேன். பரண் வாசலில் தலையை நீட்டி, விளக்கடித்து, வெள்ளையாக இருந்ததைப் பார்த்தேன். தட்டவில்லை.

"சுவரு பரண் தளத்தோட முடிஞ்சு போச்சு. மேல நிக்கிறது படலு. ஆட்டுப்பட்டிக்கு அடைக்கிற கம்புப் படலு. மண்ணப் பூசிச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு."

"ஊனா, உனக்கு வயசாயிருச்சு" என்றார் ரெஜ். "பதட்டத்துல ஒளர்ற."

"உன்னவிட அஞ்சு வயசு சின்னவய்யா நான்."

"என் சுவத்தப் பத்தி எனக்குச் சொல்றியா?"

லெக் இருவரையும் பார்த்தார். "மிஸஸ் டிபென், ஒரு பக்கம் கையெழுத்துப் போட்ட வரைபடம். அந்தப் பக்கம் குடியிருக்கறவரும் சுவருன்றாரு. அது படல்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அம்மா ரோட்டுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த ரெஜைப் பார்த்தாள்.

ஒரு தீயணைப்பு வீரர் ஏணி மேலிருந்து கத்தினார். "நாலு மீட்டர்!"

அம்மா பதில் சொல்லாத அந்த நேரம் அரை நிமிடம் இருக்கும். எனக்கு அது விளங்கவில்லை. விளங்க, ரெஜின் தம்பி க்ளெம்மைப் பற்றித் தெரிய வேண்டும். அந்தக் கதை ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

ரெஜ் வருடம் ஒரு பன்றி வளர்த்து, இலையுதிர்காலக் கடைசியில் அறுத்து, உப்புக்கண்டம் போட்டுப் பரணில் தொங்கவிடுவார். 1962 டிசம்பரில் பனி விழத் தொடங்கி மார்ச் வரை கிராமம் அடைபட்டுக் கிடந்தது. அந்தக் குளிரில் ரெஜின் உப்புக்கண்டம் துண்டு துண்டாகக் குறைந்தது. பரணுக்கு ஏணி அவர் வீட்டுக்குள். வீட்டில் இருந்தது அவரும் க்ளெம்மும். ரெஜ் தம்பியைத் திருடன் என்றார். க்ளெம் பிப்ரவரியில் பனியில் நடந்தே ஊரைவிட்டுப் போனார். போர்ட்லண்டில் கல் உடைக்கும் வேலை. திரும்பி வரவேயில்லை. 1991இல் அங்கேயே செத்தார். ரெஜ் அடக்கத்துக்குப் போகவில்லை.

என் அம்மாவைப் பற்றியும் இரண்டு விஷயம் எனக்குத் தெரியும். மாளிகைச் சலவையறையில் இருபத்திரண்டு வருடம் இஸ்திரி போட்டவள், வீட்டிலும் வாரம் தவறாமல் ரெஜின் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள், யாரும் கேட்காமல். அப்பா பெர்சி இறந்தபின் ஊர் அதை வேறு மாதிரிப் பேசிச் சிரித்தது. அம்மா மறுக்கவில்லை. இன்னொன்று, அவள் பன்றி உப்புக்கண்டத்தைத் தொடமாட்டாள். பிடிக்காது என்று நினைத்திருந்தேன்.

அம்மா ரோட்டைத் தாண்டி ரெஜின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். லெக்கும் நானும் பின்னால் போனோம்.

"க்ளெம் தின்னல ரெஜ்" என்றாள். "நான்தான் எடுத்தேன்."

ரெஜ் நிமிர்ந்தார். "என்னது?"

"உப்புக்கண்டம். அறுபத்திமூணுல. பெர்சிக்குத் தொடை ஒடஞ்சு படுத்த படுக்கை. பாதையெல்லாம் பனி. வெங்காயம் எடுக்க எங்க பரணுக்குப் போனேன். நீ இருமுனது பக்கத்துல நின்னு இருமுன மாதிரி கேட்டுச்சு. சுவருல கை வச்சேன், ஆடுச்சு. என் பக்கத்துலருந்து வலது மூலை, அடிக் கம்பு. தூக்குனா படலு கதவு மாதிரி தெறக்கும்."

"எத்தன தடவ?"

"ஏழு."

 ரெஜ் அம்மா கையிலிருந்த சட்டைகளைப் பார்த்தார். 

அம்மா லெக்கிடம் திரும்பினாள். "இப்பத் தெரிஞ்சுதா எப்படித் தெரியும்னு? என் படுக்கையறை மேல வெட்டு. படலு வரைக்கும் எல்லாத்தையும் கீழ இழுத்துப் போடு. பரண் தெறந்துகிட்டாச் சுரங்கம் இல்ல."

"அம்மா, கூரை போனா வீடு போயிரும்" என்றேன்.

"தெரியும்டி."

"இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாம். இந்தப் பக்கம் வெட்டினா…"

"இன்ஜினியரம்மா, உன் படம் தப்பு. வாய மூடு."

லெக் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தார்.

பறவைகள் வைக்கோலைப் பிடுங்காமலிருக்கக் கூரைமேல் போட்ட கம்பிவலையை முதலில் வெட்டினார்கள். அதிலேயே பத்து நிமிடம் போனது. பிறகு கொக்கிகள். எரியும் கூரையைப் பிய்த்து இழுக்கச் சர்ச் கோபுரத்தடியில் மாட்டியிருந்த பழைய நீளக் கொக்கிகள் இரண்டையும் ஊர்க்காரர்கள் தூக்கி வந்தார்கள். லெக் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கொக்கியை ஆறு பேர் பிடித்து இழுத்தார்கள், அதில் நானும் ஒருத்தி. அம்மாவின் படுக்கையறைக்கு மேலிருந்த வைக்கோல் பாளம் பாளமாக வந்தது. மேல் அடுக்கு சாம்பல் நிறம். அதற்கடியில் பொன் நிறம். அடியில் புகையேறிக் கறுத்தது, விரல்பட்டால் தூளாகும். இருநூற்று முப்பது வருடத்துக் கோதுமைத்தாள். அதன் பிறகு கைமரங்கள். அதன் பிறகு பரண் தளம். கட்டில் மேல் எல்லாம் விழுந்தது.

நான் இழுத்துக்கொண்டே மணி பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பது. தீ ஐந்தரை மீட்டர். நடுச்சுவர் ஏழாவது மீட்டரில்.

இரண்டு பேர் குழாயோடு ரெஜின் பரணுக்குள் ஏறினார்கள். உள்ளேயிருந்து ஒருவர் கத்தினார்.

"படலுதான்! இடுக்குல புகை வருது! அந்தம்மா சொன்ன கம்பு, சொன்ன எடத்துல இருக்கு!"

"நனைங்க!" என்றார் லெக். "விடாம நனைங்க!"

ஒன்று பத்துக்குத் தீ வெளியே வந்தது. அம்மா வீட்டின் கிழக்குப் பாதி ஒரே மூச்சில் எரிந்தது. திறந்து கிடந்த இடம்வரை வந்தது. மேலே பிடிக்கக் கூரை இல்லை. இரண்டு முறை படலைத் தொட்டது. இரண்டு முறையும் அந்தப் பக்கத்துத் தண்ணீர் தடுத்தது. நான்கு மணிக்கு லெக் தலைக்கவசத்தைக் கழற்றினார்.

எட்டாம் எண் வீடு நின்றது. ரெஜின் படுக்கை நனையவில்லை.

அம்மா இரு சட்டைகளையும் அவர் நாற்காலியின் முதுகில் மாட்டினாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவளை என் காரில் ஏற்றினேன். பிரிஸ்டல்வரை இரண்டு மணி நேரம் அவள் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"உங்கப்பாகிட்ட மாளிகைச் சமையக்கட்டுலருந்து வந்ததுன்னு சொன்னேன். அந்தாளு தொடல, எல்லாம் புள்ளைக்குன்னுட்டாரு. நீதான் தின்ன. மூணு வயசு ஒனக்கு."

ஒன்பதாம் நாள் எஸ்டேட்டிலிருந்து கடிதம் வந்தது. மிகவும் வருந்துகிறோம். ஏழாம் எண் வீட்டில் நனையாத படுக்கை எதுவும் இல்லாத நிலையில், பத்திரம் முடிவுக்கு வருகிறது. அம்மா அதை மடித்துத் தகர டப்பாவில் வைத்தாள். ஏப்ரலில் கால் வீங்கியது. இதயம் என்றார்கள்.

ஏப்ரல் கடைசியில் ரெஜ் போன் செய்தார். அதற்கு முன் அவர் எனக்குப் போன் செய்ததே இல்லை.

"ஜூடி, உன் படம் தப்பு."

"தெரியும்."

"சரியா வரைஞ்சு எஸ்டேட் ஆபீசுக்கு அனுப்பு. படல வரை. படல்னே எழுது. நடுவுல சுவரு இல்லன்னா அது ரெண்டு வீடு இல்ல. ஒரே கூரை, ஒரே பரணு, ஒரே வீடு. பத்திரத்துல என்ன போட்டிருக்கு? அந்த வீட்டுல நனையாத படுக்க ஒண்ணு. என் படுக்க நனையல. அவங்க வக்கீலு என்ன சொல்றான்னு பாப்போம்."

யோசித்தேன். அது பைத்தியக்காரத்தனமாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது.

"மிஸ்டர் கோலப், உங்களுக்கு அம்மா மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. ஏன் இல்லாம? க்ளெம் விஷயம் வேற, படுக்க விஷயம் வேற. ரெண்டையும் போட்டுக் கலக்காத."

மறுநாளே போய் அளந்தேன். மண்சுவர், தரையிலிருந்து இரண்டு மீட்டர் தொண்ணூறு. அதற்குமேல் படல், உச்சி வரை, வலது மூலையில் அடிக் கம்பு தளர்ந்தது. வெட்டுத்தோற்றமாக வரைந்து, பழைய வரைபடம் பிழை என்று ஒரு வரி எழுதி, கையெழுத்திட்டு, மே 8 அன்று அனுப்பினேன்.

பதில் 29ஆம் தேதி வந்தது. அன்று அம்மா ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு. படித்துக் காட்டினேன். சமர்ப்பித்த வரைபடத்தின்படி ஏழும் எட்டும் ஒரே கட்டடமாகக் கருதப்படும். பத்திரம் தொடர்கிறது. கூரை மறுபடி வேயப்படும்.

"அப்போ எனக்கும் ரெஜுக்கும் ஒரே வீடா?" என்றாள். "ஊரு சொன்னது கடைசியில சரியாப் போச்சு."

சிரித்ததில் இருமல் வந்தது. அடங்கியதும், "அவரு ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"க்ளெம் விஷயம் வேறன்னாரு."

"வேறதான்."

ஜூன் 2 காலையில் இறந்தாள். கூரை எரிந்து எண்பதாவது நாள். நெதர்கோமில் அடக்கம் செய்தோம். ரெஜ் வந்தார், அன்று அவள் தூக்கிவந்த சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு. மடிப்புக் கலையாமல் வைத்திருந்திருக்கிறார். போர்ட்லண்டுக்கு, க்ளெம் கல்லறைக்குக் கூட்டிப்போகவா என்று கேட்டேன். அவர் வீட்டுப் பக்கம் நடந்துவிட்டார்.

அக்டோபரில் ஏழாம் எண் வீட்டுக்குக் கூரை ஏறியது. புகைபோக்கியை ஒரு மீட்டருக்கு மேல் உயர்த்தினார்கள். நடுவில் செங்கல் சுவர், உச்சி வரை. வேலையைச் சரிபார்க்க எஸ்டேட் என்னைத்தான் கூப்பிட்டது. ரெஜின் ஏணியில் ஏறி அவர் பரணுக்குள் போனேன். சுண்ணாம்பு இன்னும் அடிக்கவில்லை. விரல் முட்டியால் தட்டினேன். இரண்டு மூலையிலும், நடுவிலும், உச்சியிலும்.

"என்ன பண்ற மேல?" கீழேயிருந்து ரெஜ்.

"தட்டிப் பாக்கறேன்."

"எப்படி இருக்கு?"

"சுவருதான்."

ஏணியில் இறங்கினேன். அவர் அடிப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நான் இறங்கிய பிறகும் கையை எடுக்கவில்லை.

"க்ளெம் மூணு தடவ சொன்னான் ஜூடி. நான் தின்னலடான்னான். இந்த எடத்துலதான் நின்னுகிட்டிருந்தான்."

ரெஜ் ஏணியிலிருந்து கையை எடுத்தார்.

"சனிக்கெழம வண்டி எடுத்துட்டு வர்றியா?"

"எத்தன மணிக்கு?"

"காலையில. வெள்ளனே" என்றார். "சட்டைய நானே தேச்சுக்கிறேன்."